பச்சைத் திரவமும் ஆறாவது விரலும்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் எங்கள் ஊர்க் கார்ப் பந்தயத் தடத்தின் கண்காணிப்பாளர். அவர் கதை கேட்கவில்லை. "நடந்ததை நடந்தபடி ஒரு பக்கம் எழுதிக் குடும்மா. கதை வேணாம்" என்றார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் கொடுக்க வேண்டும். இன்று வியாழன், மதியம் இரண்டு மணி. அவருக்கான தாளில் இதுவரை தேதியை மட்டும் எழுதியிருக்கிறேன். இந்த நோட்டில் பதினோரு பக்கம் எழுதிவிட்டேன்.

அவர் "கதை வேணாம்" என்று சொன்னபோது அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. ஆறாமல் எழுதுகிறேன், அதனால் அங்கங்கே பேனா அழுந்தியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மாமாவின் கார் ஒர்க்ஷாப்பில், ஸ்பேர் பார்ட்ஸ் அறையில் உட்கார்ந்திருப்பவள். பெட்டிகளுக்கு லேபிள் எழுதுவது என் வேலை, கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று ஒரு பத்தியை வாய்விட்டு வாசிக்கச் சொன்னார்கள். வாய் திறக்கவில்லை. பீரியட் முழுக்க நின்றேன். மறுநாளும் நிற்க வைத்தார்கள். அதற்கு மறுநாள் போகவில்லை, பிறகு போகவே இல்லை. மாமா என்னை 'ஊமைக்கோட்டான்' என்பார். பிரியமாகத்தான் என்று அம்மா சொல்வாள்.

கேஸ்கட் பெட்டிகளுக்குப் பின்னால் நான்கு நோட்டுகள் இருக்கின்றன. இப்போது உலகத்துக்கே தெரிந்துவிட்டது, மறைத்துப் பயனில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

~~அன்று சூரியன் பந்தயத் தடத்தின் மேல் உருக்கிய ஈயம் போல~~

வேண்டாம். அன்று மேகமூட்டம்.

இரண்டாவது:

~~கண்ணாடி போட்ட அந்தக் கொடியவன் தன் சிவப்புக் காரிலிருந்து இறங்கியபோதே எனக்குத் தெரியும்~~

எனக்கு எதுவும் தெரியாது. அவர் இறங்கி, என் அண்ணனிடம் "தம்பி, பாத்ரூம் எங்க?" என்று கேட்டார். அப்போது நான் 'வாட்டர் பம்ப், சிறியது' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தொடக்கம் தண்ணீரைப் பற்றியது. அதை வைத்துக்கொள்கிறேன்.

3

எஞ்சினைக் குளிர வைக்க ரேடியேட்டரில் எதை ஊற்றுவது என்பது, அவரவர் விருப்பம் போலத் தெரியும். கடையில் பச்சை, ரோஸ், மஞ்சள் என்று கலர் கலராகக் கூலன்ட் கேன்கள் அடுக்கியிருக்கும். சாலையில் ஓடும் காருக்கு அவை நல்லவை. குளிரில் உறையாது, சட்டென்று கொதிக்காது, உள்ளே துரு ஏறாது. ஆனால் அவை தரையில் சிந்தினால் சோப்பு நுரையில் கால் வைத்த மாதிரி வழுக்கும். லேசில் காயவும் காயாது. அதனால் எங்கள் ஊர்ப் பந்தயத் தடத்தில் ஒரு விதி: கூலன்ட் கூடாது. பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரும், துருப்பிடிக்காமல் இருக்க அதில் கலக்கும் ஒரு சின்ன பாட்டில் மருந்தும் மட்டும். அந்தத் தண்ணீருக்கு நிறமில்லை. சிந்தினால் காய்ந்துவிடும். பின்னால் வருகிறவர் பிழைத்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுபோய் அங்கே ஓட்டலாம். அந்தக் கார்களைத் தயார் செய்வது என் அண்ணன். கூலன்டை வடித்துத் தண்ணீர் மாற்றியதும், இரண்டு விரலை நனைத்துத் தேய்த்துப் பார்ப்பான். வழுக்கினால் மறுபடி வடிப்பான். வழுக்காவிட்டால் ரேடியேட்டர் தொட்டியின் மூடியைச் சுற்றி ஒரு வெள்ளை டேப் ஒட்டி, 'வெறும் தண்ணீர்' என்று என்னை எழுதச் சொல்வான். பிறகு தடத்துக்கான படிவத்தில் கையெழுத்துப் போடுவான். எத்தனையோ கார்களுக்குப் போட்டிருக்கிறான்.

சிவப்புக் கார்க்காரருக்கு ஒர்க்ஷாப்பில் 'ஏசி சார்' என்று பெயர். இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். வாரத்தில் ஐந்து நாள் அதில் ஆபீஸ் போவார், ஞாயிறு அதிலேயே தடத்துக்கு வருவார். மற்றவர்கள் தடத்தில் ஓட்டும் காரிலிருந்து ஏசியைக் கழற்றிவிடுவார்கள், அல்லது அன்றைக்கு மட்டும் அணைத்து வைப்பார்கள். இவர் இரண்டும் செய்ய மாட்டார்.

"சார், ரேடியேட்டருக்கு முன்னாடி ஏசியோட கண்டென்சர் நிக்குது" என்று அண்ணன் விளக்கினான். "ஏசி ஓடினா அது சூடாகும். அந்தச் சூட்டுக் காத்துதான் ரேடியேட்டருக்கு வரும். முன்னாடி ஏசி சூடு, பின்னாடி எஞ்சின் சூடு. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவுல மாட்டின புருஷன் மாதிரி முழிக்குது சார் ரேடியேட்டர்."

"அதுக்குத்தான நல்ல கூலன்ட் கேக்கறேன்."

"தடத்துல கூலன்ட் கூடாது சார். தண்ணிதான். சூட்டை எடுக்கறதுல தண்ணிதான் ஒசத்தி. ஏசியை மட்டும் அணைச்சுடுங்க."

"தண்ணி ஊத்தி ஓட்டறதுக்கா தம்பி இந்தக் காரை வாங்கினேன்? சட்டை நனைய ஓட்டணும்னா நான் லாரி ஓட்டிருப்பேனே."

மாமா உள்ளேயிருந்து, "சார் சொல்றதும் நியாயந்தான்" என்றார். யார் எது சொன்னாலும் மாமாவுக்கு நியாயம்தான்.

கடைசியில் அண்ணன் உள்ளே இருந்த ரோஸ் நிறக் கூலன்டை வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினான். விரலால் தேய்த்துப் பார்த்தான். நான் டேப்பில் எழுதினேன்.*

* இந்த 'ரோஸ்' முக்கியம். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு எதையும் வைத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை.

4

தடத்துக்கு நானும் போவேன். ஒவ்வொரு சுற்று முடிந்து கார் வந்து நின்றதும் எஞ்சின் சூடு எத்தனை டிகிரி என்று பார்த்து ஒர்க்ஷாப் படிவத்தில் குறிக்க வேண்டும். பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

அந்த ஞாயிறு காலை சிவப்புக் காருக்கு நான் குறித்தவை: 98. 104. 109. மூன்று முறையும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் மூன்று முறையும் சொன்னான். மூன்றாவது முறை அவர் கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

மதிய இடைவேளையில் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். பழைய டயர்களை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். அதன் பின்னால் உட்கார்ந்து நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் தனியாக வந்தார். பானெட்டைத் திறந்தார். வெள்ளை டேப்பைக் கிழித்தார், மூடியைத் திருகினார், ஒரு கேனைச் சாய்த்தார். பச்சை. தொட்டியின் வாய் வரை வந்து கொஞ்சம் வெளியிலும் வழிந்தது. கைக்குட்டையால் துடைத்துவிட்டு நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"இங்க என்ன பாப்பா பண்ற? வெயில்ல உக்காராத."

மேகமூட்டம் என்று சொன்னேனே. அவர் அப்படித்தான் சொன்னார்.

நான் தலையாட்டினேன்.

அவர் போனதும் நான் செய்திருக்க வேண்டியது நாற்பது அடி நடப்பது. அண்ணன் தண்ணீர்க் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். 'ண்ணா, அவர் பச்சை ஊத்திட்டார்' என்றால் போதும். மூன்று நான்கு வார்த்தை. நான் என்ன செய்தேன்? எழுதினேன். விறுவிறு என்று எழுதினேன். நன்றாக வந்தது. வழிந்த பச்சைக்கு ஒரு உவமை தேடிக்கொண்டிருந்தபோது சைரன் ஊதி மதியச் சுற்று தொடங்கிவிட்டது.

ஏசி சார் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அந்த உவமை மேல் அதைவிட அதிகம்.

5

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விவரித்தால் அழகுபடுத்திவிடுவேன்.

எஞ்சின் சூடேறியதும் வாய் வரை நிரம்பியிருந்த தொட்டி பொங்கியது. இரண்டாவது வளைவில் கொட்டியது. மூடியை அவர் சரியாகத் திருகினாரா என்று எனக்குத் தெரியாது. பின்னால் ஒரு சின்ன வெள்ளைக் காரில் பல் டாக்டர் ஒருவர் வந்துகொண்டிருந்தார், நாற்பது வயதுப் பெண். சக்கரம் வழுக்கிக் கார் சுவரில் மோதியது. அவருடைய வலது மணிக்கட்டு உடைந்தது.

கண்காணிப்பாளர் ஓடிவந்து குனிந்து தரையைத் தொட்டு விரலைத் தேய்த்துப் பார்த்தார். "வழுக்குது" என்றார். ஆட்கள் வெள்ளைப் பொடி தூவிப் பெருக்கித் தள்ளிவிட்டார்கள். அவருடைய படிவத்தில் 'வழுக்கும் திரவம்' என்று எழுதினார். நிறம் எழுதவில்லை. நிறத்துக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. வண்டியின் எடைக்கு இருக்கிறது, ஓட்டுநரின் ரத்த வகைக்கு இருக்கிறது.

சிவப்புக் காரை அன்று மாலையே வேறு ஒர்க்ஷாப்புக்கு இழுத்துப்போய் உள்ளே இருந்த எல்லாவற்றையும் வடித்துவிட்டார்கள்.

'வெறும் தண்ணீர்' என்று கையெழுத்துப் போட்டவன் அண்ணன். வழுக்கியது தண்ணீர் இல்லை. குற்றம் முடிந்தது, விசாரணை மட்டும்தான் பாக்கி. (அன்று காலை கண்காணிப்பாளர் மூடியைத் திறந்து விரல் நனைத்துப் பார்த்திருக்கலாம். அதற்குத்தான் அங்கே நிற்கிறார். அவர் கையெழுத்தைப் பார்த்தார், விசிலை ஊதினார், காரை அனுப்பினார். இதை வாக்குமூலத்தில் எழுதலாமா என்று மாமாவைக் கேட்டால் "ஏன் ஊர் வம்பு" என்பார்.)

6

விசாரணை திங்கட்கிழமை நடந்தது. தடத்து ஆபீஸில் ஏசி அறை, அதுவும் பல் கிட்டும் அளவுக்கு. கண்காணிப்பாளர், ஏசி சார், மாமா, அண்ணன், கதவோரம் நான். பின்னால் ஆபீஸ் ஆட்கள் இரண்டு மூன்று பேர். அண்ணனின் தடத்து அனுமதி அட்டை மேஜை மேல் கிடந்தது. அது போனால் எந்தத் தடத்திலும் அவன் காரைத் தொட முடியாது. ஒர்க்ஷாப்பில் அவனுக்குக் கிடைக்கும் வேலையில் முக்கால்வாசி அதுதான்.

"பானெட்டை எப்படித் திறக்கறதுன்னே எனக்குத் தெரியாது சார்" என்றார் ஏசி சார். சாதாரணமாகச் சொன்னார். பொய் சொல்கிறவர் குரல் நடுங்கும் என்று நான் எழுதிய கதைகளில் எல்லாம் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கங்களை இப்போது கிழித்துவிடலாம்.

கண்காணிப்பாளர் அண்ணனிடம், "ஹீட்டர் வால்வைத் திறந்து வச்சு வடிச்சியா? மூடியிருந்தா உள்ள பழைய கூலன்ட் தங்கிடும்ல?" என்றார்.

அண்ணன் யோசித்தான். "எப்பவும் திறப்பேன் சார். அன்னிக்குத் திறந்தேனான்னு ஞாபகம் இல்ல."

மாமா நெற்றியில் கை வைத்தார். ஒருத்தன் உண்மையைச் சொல்லும்போது அவனைச் சேர்ந்தவர்கள் நெற்றியில் கை வைக்கிறார்கள். என்ன வழக்கமோ.

அப்போதுதான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். சொல்ல வரவில்லை. நடந்து போய்ப் பக்கத்தைப் பிரித்து மேஜையில் வைத்தேன். உள்ளே தங்கிய பழையது என்றால் ரோஸ் நிறமாக இருக்க வேண்டும். ஊற்றியது பச்சை. பச்சையை ஊற்றியவர் இன்னார். அவர் ஊற்றியதை நான் கண்டது அந்தப் பக்கத்தில், அன்றைய தேதியோடு இருந்தது. அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன்.

கண்காணிப்பாளர் வாய்விட்டு வாசித்தார். நன்றாகவே வாசித்தார். டயர் அடுக்கு, வெள்ளை டேப், மூடி. பிறகு ஒரு வரியில் நிறுத்தி, மறுபடி வாசித்தார்:

"'கேனைப் பிடித்திருந்த அந்தக் கையில் ஆறு விரல்கள் இருந்தன. ஆறாவது விரல் பச்சையைத் தொட்டுச் சுவைக்கத் துடித்தது.'"

எல்லோரும் ஏசி சாரின் கையைப் பார்த்தார்கள். அவர் இரண்டு கைகளையும் மேஜை மேல் விரித்து வைத்தார். பொறுமையாக, பள்ளிக்கூடத்தில் நகம் காட்டுவது போல. ஐந்து. ஐந்து.

"எண்ணிப் பாத்துக்கங்க சார்."

அப்போதுதான் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

ஏன் அந்த விரலை வைத்தேன்? சாதாரணக் கை அதைச் செய்தது என்பது கதைக்குப் போதவில்லை என்று நினைத்தேன். கெட்டது செய்கிறவரிடம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்தப் பக்கத்தில் நான் கண்டது பத்தொன்பது வரி, சேர்த்தது இரண்டே வரி. பத்தொன்பதையும் அந்த இரண்டு தின்றுவிட்டன.

"அதைத் தவிர மத்ததெல்லாம்..." என்று தொடங்கினேன். அந்த அறையில் நான் பேசியது அவ்வளவுதான்.

"நீ நல்லா எழுதறம்மா" என்றார் கண்காணிப்பாளர். "வெள்ளிக்கிழமைக்குள்ள நடந்ததை நடந்தபடி ஒரு பக்கம் எழுதிக் குடு. கதை வேணாம்."

வெளியே வந்ததும் அண்ணன் வேனில் ஏறாமல் நின்றான். அவன் கேட்டது ஆறாவது விரலைப் பற்றி இல்லை.

"நீ பாத்தியா? மத்தியானமே பாத்தியா?"

தலையாட்டினேன்.

"பாத்துட்டு என்கிட்ட சொல்லாம, எழுதிட்டிருந்தியா?"

அதற்குப் பிறகு மூன்று நாளாக அவன் என்னோடு பேசவில்லை.

7

[அண்ணன் ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்துத்தான் வடித்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்]

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. மாமா சற்று முன் வந்து கொடுத்த வாக்கியம் இது.

"இந்த ஒரு வரி போதும்டி. ஏசி சாரைக் குத்தம் சொல்லாத, அவரு நம்ம கஸ்டமர். இவன் வால்வைத் திறந்தான், எல்லாம் சுத்தமா வடிஞ்சுது, அவ்வளவுதான். மத்தது அவங்க பாடு. இல்லாத விரலையே வரைஞ்சவ, இருக்கற வால்வைத் திறக்க மாட்டியா?"

பாருங்கள். நான் கண்டதை எழுதினால் கதை. காணாததை எழுதச் சொன்னால் அது வாக்குமூலம். இதைக் கேட்டுக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? ஆனாலும் பேனாவை எடுத்துப் பாதி எழுதிவிட்டேன். அண்ணனுக்காக. அவனுடைய அட்டைக்காக. மறைக்காமல் மேலே அப்படியே விட்டிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் ஒரு ஹோஸ் எடுக்க அறைக்குள் வந்தான். மேஜையில் கிடந்த நோட்டைப் பார்த்தான்.

"அன்னிக்கு வடிக்கறப்ப நீ பக்கத்துல இருந்தியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப எழுதாத."

ஹோஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மூன்று நாளில் முதல் பேச்சு. வெளியே ஒரு பானெட்டை அவன் தேவைக்கு மேல் ஓங்கி மூடியது கேட்டது.

8

வாசகரே, உங்களுக்குச் சில முடிவுகள் வைத்திருந்தேன்.

முடிவு ஒன்று: ஏசி சார் மனம் திருந்தி, பல் டாக்டரின் உடைந்த கையைப் பார்த்து ~~கண்ணீர்~~ இல்லை. கையை விரித்துக் காட்டியபோது அவர் முகத்தை நான் பார்த்தேன். அவர் ஜெயித்த முகம் அது.

முடிவு இரண்டு: பல் டாக்டரின் வெள்ளைக் காரில், சக்கரத்துக்கு மேல், மட்கார்டின் உள்பக்கம் பச்சைக் கறை ஒட்டியிருக்கிறது. சாட்சி கிடைத்துவிட்டது. இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. பிடித்ததாலேயே சந்தேகம் வந்தது. நேற்று நேரில் போய்ப் பார்த்தேன். கிளினிக்குக்குப் பின்னால் கார் நின்றது. நசுங்கிய கார், பளபள என்று இருந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் போட்டோ எடுக்க வசதியாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டார்களாம். நசுங்கிய காரை யாராவது கழுவுவார்களா? கழுவியிருக்கிறார்கள்.

ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டு பல் டாக்டரே வெளியே வந்தார். கை கட்டோடு தோளில் தொங்கியது.

"மெக்கானிக் தங்கச்சிதான நீ? ஆறு விரல் எழுதின பொண்ணு?"

ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

"டாக்டர்... அது... என்ன கலர்னு..."

"எனக்கு எங்கம்மா கலர் தெரிஞ்சுது. சுவரு தெரிஞ்சுது, அப்புறம் வானம் தெரிஞ்சுது." தோள் கட்டைச் சரிசெய்துகொண்டார். "நீ பாத்தது நெஜமா?"

தலையாட்டினேன்.

"அப்ப மத்தியானமே ஒரு சத்தம் போட்டிருக்கலாமே. இந்தக் கையால ஆறு மாசம் யார் பல்லையும் தொட முடியாது. உனக்கு வாய் நல்லாத்தான இருக்கு?"

பல் டாக்டர் வாயைப் பற்றிக் கேட்கிறார். இதை நான் சேர்க்கவில்லை, அவரே கேட்டார். அவரிடம் எனக்குக் கோபப்பட எதுவும் இல்லாமல் போனதுதான் தாங்க முடியவில்லை.

முடிவு மூன்று எழுதவில்லை.

9

இப்போது வெள்ளிக்கிழமை காலை, ஒன்பதே கால். கண்காணிப்பாளருக்கான தாளில் இன்னமும் தேதி மட்டும், அதுவும் நேற்றையது. அதைக் கொண்டுபோகப் போவதில்லை. நான் எழுதிக் கொடுத்தால் அவர் அதில் விரலை எண்ணுவார். ஒரு பக்கம் போதும் என்றார். எனக்கு நான்கு வரி போதும், அதையும் வாயால்தான் சொல்லப் போகிறேன்.

டயர்களுக்குப் பின்னால் நான் இருந்தேன்.

அவர் மூடியைத் திறந்து ஊற்றினார்.

அது பச்சை.

நான் பார்த்தும் சொல்லவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு கேஸ்கட் பெட்டிகளிடம் ஆறு தடவை சொல்லிப் பார்த்தேன். முதல் மூன்றும் வருகின்றன. மூன்றாவது சத்தமாகவே வருகிறது. நான்காவதில் குரல் நின்றுவிடுகிறது. நான்காவதைச் சொல்லாவிட்டால் மற்ற மூன்றையும் யாரும் நம்ப வேண்டியதில்லை. பார்த்தவள் ஏன் சும்மா இருந்தாள் என்று அவர் கேட்பார், கேட்கத்தான் வேண்டும்.

அண்ணன் வேனைக் கிளப்பிவிட்டான். ஹார்ன் அடிக்கவில்லை, காத்திருக்கிறான். இந்த நோட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்துவிட்டு வெறும் கையோடு போகிறேன்.

நான்காவது வரி அங்கே வந்ததா, அட்டை மேஜையிலிருந்து அவன் பைக்குத் திரும்பியதா என்று இதற்கடுத்த பக்கத்தில் தேடாதீர்கள். அந்த அறையின் கதவு திறந்துதான் இருக்கும். வந்து நின்று உங்கள் காதால் கேளுங்கள். இங்கே இதற்கு மேல் நான் எழுதினால், அந்தக் கையில் மறுபடி ஒரு விரல் முளைத்துவிடும்.